இருபத்தேழரை அடி

ஒரு குளம் எவ்வளவு ஆழம் என்று கேட்டால் இரண்டு பதில்கள் உண்டு. குளக்கட்டில் நட்டிருக்கும் பலகை சொல்லும் பதில் ஒன்று, கயிற்றை இறக்கிப் பார்த்தால் கிடைக்கும் பதில் இன்னொன்று. பலகைப் பதிலைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். கயிற்றுப் பதிலைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், ஒரு வள்ளம் வேண்டும், கொஞ்சம் பிடிவாதமும் வேண்டும். ஜெயரட்ணத்திடம் அந்தக் கடைசிச் சாமான் தேவைக்கு அதிகமாகவே இருந்தது. அதனால்தான் பதின்மூன்று வருடமாக சிட்னியின் பென்டில் ஹில்லில் ஒரு வாடகை அறையில், மனைவியையும் மகளையும் தொலைபேசிக்குள் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அவருக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. வேலை செய்வது இன்றைக்கும் தண்ணீரில்தான். சிட்னிக்கு மேற்கே, வாரகம்பா அணைக்குப் பின்னால், மலைகளுக்கு நடுவே ஐம்பது கிலோமீற்றர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது ஒரு ஏரி. சிட்னிக்காரர் குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது. ஆழமான இடத்தில் நூற்றைந்து மீற்றர். நிரம்பி வழிந்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் கிகாலீற்றர். ஒரு கிகாலீற்றர் என்றால் நூறு கோடி லீற்றர் என்று படகில் ஏறிய முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். அவர் தலையாட்டினார், ஆனால் அது அவருடைய மண்டைக்குள் இறங்கவில்லை. அவர் ஏக்கர் அடிக்காரர். ஒரு ஏக்கர் வயலில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர் அடி. அப்படிச் சொன்னால் அவருக்கு வயல் தெரியும், வரம்பு தெரியும், நெல் தெரியும். அன்று மாலை ரயிலில் உட்கார்ந்து ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். வன்னியில் அவர் வேலை பார்த்த மருதஞ்சேனைக் குளத்தைப் பலகைக் கணக்கில் எடுத்தால், பத்தொன்பது மருதஞ்சேனைகள் இந்த ஏரிக்குள் அடங்கும். உண்மைக் கணக்கில் எடுத்தால் இருபத்து மூன்று. இரண்டையும் எழுதி, முதலாவதை வெட்டிவிட்டார்.

அந்த வெட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

மருதஞ்சேனைக் குளத்துப் பலகையில் 34 அடி என்று வெள்ளைப் பெயின்றில் எழுதியிருந்தது. 1954ஆம் ஆண்டு குளக்கட்டை உயர்த்தியபோது எழுதியது. அதன் பிறகு மழை வந்தது, வெள்ளம் வந்தது, காடு வெட்டினார்கள், காட்டு மண்ணெல்லாம் குளத்துக்குள் வந்து படுத்தது. பலகை மட்டும் அசையவில்லை. இருபது வயதில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கள உதவியாளராகச் சேர்ந்த ஜெயரட்ணத்தின் வேலை, தினமும் காலையில் குளத்து மதகான துருசடிக்குப் போய் அளவுகோலில் நீர்மட்டத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவது. அவ்வளவுதான். ஆனால் புரட்டாதியில் தண்ணீர் வற்றும்போது அவர் தன்பாட்டில் ஒரு வள்ளத்தை எடுத்துக்கொண்டு போய், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நடுக்குளத்தில் இறக்கி அடியைத் தேடுவார். குண்டின் அடிப்பக்கக் குழியில் சவர்க்காரத்தை அப்பியிருப்பார். மேலே தூக்கினால் அடிமண் அதில் ஒட்டிக்கொண்டு வரும். சேறா, மணலா, கல்லா என்று கையிலேயே தெரிந்துவிடும்.

இதை ஏன் செய்தார் என்று கேட்டால் ஒரு சிறுபோகத்தை, குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கும் கோடைப் போகம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் சிறுபோகத்துக்கு முன் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் கூட்டம் நடக்கும். குளத்தில் இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, ஆகவே இத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அங்கேதான் முடிவாகும். அந்த வருடம் பொறியியலாளர் ஜெயரட்ணத்தை எழுப்பிக் கேட்டார். அவர் பலகைக் கணக்குப்படி அட்டவணையைப் பார்த்து வாசித்தார். அடியில் சேறு கிடப்பது அவருக்குத் தெரியும், ஆனால் பெரியவர்கள் இருக்கும் சபையில் அட்டவணையை மறுத்துப் பேச நா எழவில்லை. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் குளம் வற்றியது. வாய்க்காலின் கடைசி நானூறு ஏக்கர் காய்ந்தது. ஒரு மனுசி ஒரு கட்டுப் பதரைக் கொண்டுவந்து அவருடைய மேசையில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போனாள்.

திட்டியிருந்தால் மறந்திருப்பார். அவள் திட்டவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் கயிறு சொன்னதைத்தான் சொல்வது என்று அவர் முடிவு எடுத்தார். வருடாவருடம் அளந்து மேலிடத்துக்கு எழுதினார். பலகையை மாற்றக் கொழும்பிலிருந்து அனுமதி வர வேண்டும் என்றார்கள். கொழும்பு அப்போது வேறு வேலையாக இருந்தது.

போர்க்காலத்திலும் அவர் மட்டம் பார்ப்பதை விடவில்லை. குளம் அப்போது இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அவர்களும் நீர்மட்டம் கேட்டார்கள், கொடுத்தார். கொடுக்காமல் இருக்கும் நிலையில் யாரும் இல்லை. போர் முடிந்து ஊர் திரும்பி மறுபடி துருசடிக்குப் போகத் தொடங்கியபோது, யாருக்கு என்ன கணக்குக் கொடுத்தாய் என்று கேட்டு அரசின் புலனாய்வு ஆட்கள் வந்தார்கள். மூன்று முறை வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். நான்காவது முறை கூட்டிக்கொண்டு போய்ப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அந்தப் பதினொரு நாளைப் பற்றி அவர் யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. இடது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்காது, அதைப் பார்த்து மற்றவர்களே விளங்கிக்கொள்ள வேண்டியதுதான். 2012 கடைசியில் படகேறினார். மனைவி யோகராணிக்கு அப்போது முப்பத்தொரு வயது, மகள் தாரிணிக்கு நான்கு. ஒரு வருடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு அது அன்றைக்கு நினைவு வரவில்லை.

கிறிஸ்மஸ் தீவுத் தடுப்பு முகாம், பிறகு சிட்னியில் வில்லாவுட் முகாம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கும் தற்காலிக விசா. நான்கு வருடம் கழித்துத்தான் நேர்காணலுக்கு அழைத்தார்கள். அவர் மருதஞ்சேனையில் வேலை பார்த்தவர் என்பது நிலைத்தால் மற்றதெல்லாம் நிலைக்கும். அது விழுந்தால் எல்லாம் விழும். மூன்று மணி நேரம் போன பிறகு, எதிரே இருந்த அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு, அந்தக் குளத்தின் ஆழம் எவ்வளவு என்று கேட்டார்.

ஜெயரட்ணத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரு விசயத்தை யாரும் கேட்டதில்லை. இது முதல் தடவை.

"இருபத்தேழரை அடி" என்றார்.

அதிகாரி தாளைப் பார்த்தார். நிச்சயமாகவா என்று கேட்டார். பாவம், அந்த மனிதர் நல்லவர்தான், இன்னொரு தரம் வாய்ப்புக் கொடுத்தார்.

"நிச்சயம். கடைசியா நானே அளந்தனான்."

பலகையில் முப்பத்துநான்கு என்று போட்டிருக்கும், அது பழைய கணக்கு என்று ஒரு வசனம் சேர்த்திருந்தால் போதும். சேர்க்கவில்லை. கேட்டது ஆழத்தை, பலகையை அல்ல. நுணலும் தன் வாயால் கெடும்.

தீர்ப்பு ஐந்து மாதம் கழித்து வந்தது. பத்தொன்பது வருடம் வேலை பார்த்ததாகச் சொல்லும் குளத்தின் ஆழம்கூட விண்ணப்பதாரருக்குத் தெரியவில்லை, எவரும் படிக்கக்கூடிய குறிப்புகளில் அது முப்பத்துநான்கு அடி என்றிருக்கிறது, ஆகவே அவர் அங்கே வேலை செய்தார் என்பதை ஏற்கவில்லை. வேலை செய்யாதவரை வேலைக்காகப் பிடித்திருக்க முடியாது. ஆகவே அந்தப் பதினொரு நாளையும் ஏற்கவில்லை.

மீளாய்வுக்குப் போனார், காகிதத்தைப் பார்த்தார்கள், ஆளைக் கூப்பிடவில்லை. நீதிமன்றத்துக்குப் போனார். அதிகாரி விசாரித்த முறை சரியா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும், குளம் எவ்வளவு ஆழம் என்று பார்க்காது என்று அங்கே சொன்னார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்முடைய ஆட்கள் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இந்த ஊரில் ஏட்டுச் சுரைக்காயில் மட்டும்தான் கறி வேகும் என்பதை ஜெயரட்ணம் எட்டு வருடம் செலவழித்துக் கற்றுக்கொண்டார்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஏரி வந்தது. அளவைக் கம்பனி ஒன்றின் படகுகளைக் கழுவும் வேலையில் இருந்தார். பெரிய காட்டுத்தீயின் சாம்பலும், அதற்குப் பிறகு வந்த வெள்ளங்களின் மண்ணும் ஏரிக்குள் இறங்கியிருந்ததால், ஏரியின் கொள்ளளவை மறுபடி அளக்கும் வேலையை அந்தக் கம்பனி எடுத்திருந்தது. படகின் அடியிலுள்ள சோனார் ஒலியை அனுப்பித் திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். ஆனால் அடியில் குழம்பு போலச் சேறு கிடந்தால் அது தடுமாறும். அதற்காகச் சில இடங்களில் கயிற்றையும் குண்டையும் இறக்கிச் சரிபார்ப்பார்கள். ஒருநாள் படகு கழுவப் போனவர், குண்டின் அடியில் வெறும் குழி இருப்பதைப் பார்த்து, தன் மதியச் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த மாஜரீனை எடுத்து அதற்குள் அப்பிவிட்டார். அன்று தூக்கிய குண்டில் ஏரியின் அடிமண் ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்த பொறியியலாளர், யார் இந்த வேலை செய்தது என்று கேட்டுக்கொண்டு கரைக்கு வந்தார். அவர் பெயர் கோபாலகிருஷ்ணன். திருச்சிக்காரர், நாற்பது வயது இருக்கும். மறுநாள் ஜெயரட்ணம் படகில் இருந்தார்.

அந்த ஏரிக்கரைக்குச் சாதாரண ஆட்கள் போக முடியாது. குடிதண்ணீர் என்பதால் சுற்றிவர மைல் கணக்கில் தடை. ஜெயரட்ணத்துக்குப் படம் போட்ட அனுமதி அட்டை கொடுத்தார்கள். நாட்டில் இருக்கவே அனுமதி இல்லாதவருக்கு நாட்டின் தண்ணீர்த் தொட்டிக்குள் போக அனுமதி. இதை அவர் சொல்லிச் சிரிப்பார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வராது.

ஒருநாள் படகில் மதியச் சாப்பாட்டின்போது கோபாலகிருஷ்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

கோபாலகிருஷ்ணன் தயிர்சாதத்தை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "முப்பத்தி நாலுன்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே அண்ணே" என்றார்.

"சொல்லியிருக்கலாம் சேர்."

"பின்ன ஏன்?"

"அந்த மனுசி மேசையில போட்ட பதர் இருக்கெல்லோ சேர். அது இன்னும் என்ர மேசையிலதான் கிடக்கு."

கோபாலகிருஷ்ணன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். "நான் ஒரு லெட்டர் தர்றேன். எந்த நீர்த்தேக்கமும் கட்டின நாள்ல இருந்த ஆழத்துல இருக்காது. இது என் தொழில், இதுக்குத்தான் எனக்கு இந்த ஊர்ல நிரந்தரமா இருக்க பிஆரே கொடுத்தாங்க. நான் சொன்னா கேப்பாங்க அண்ணே."

கேட்பார்கள் என்று ஜெயரட்ணமும் நம்பினார். இனி மிச்சமிருந்தது ஒரே ஒரு வாசல்தான். குடிவரவு அமைச்சர் நேரடியாகத் தலையிட்டு விசா கொடுக்கலாம். ஆனால் எந்த மனுவை அமைச்சரின் மேசைக்கு அனுப்புவது என்பதைக் கீழே இருக்கும் அலுவலகம் தீர்மானிக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. பரமட்டாவில் ஒரு கடைக்கு மேலே இருந்த இலவசச் சட்ட உதவி நிலையத்தில் தாட்சாயினி என்ற பெண் அவருடைய கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்னியில் பிறந்தவள், பெற்றோர் யாழ்ப்பாணம். அமைச்சருக்கு எழுதப் புதிதாக ஏதாவது வேண்டும், ஒரு பொறியியலாளரின் கடிதம் மட்டும் போதாது என்றாள்.

புதிதாக ஒன்று தானாக வந்தது. யோகராணி தொலைபேசியில் சொன்னாள், மருதஞ்சேனைக் குளத்தைத் திருத்தி, மறுபடி அளந்து, பழைய பலகையைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பலகை போட்டிருக்கிறார்களாம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற தாரிணி தொலைபேசியை வாங்கினாள்.

"நான் போய்ப் படம் எடுத்து அனுப்புறன் அப்பா."

"வேண்டாம் பிள்ளை. பதினாலு கிலோமீற்றர்."

"சைக்கிள் கிடக்குத்தானே."

மறுநாள் படம் வந்தது. நீலப் பலகை, மூன்று மொழியில் எழுத்து. உச்ச ஆழம் 26 அடி. படத்தின் ஓரத்தில் சைக்கிளின் கைப்பிடியும் அதைப் பிடித்திருக்கும் ஒரு கையும் தெரிந்தன. ஜெயரட்ணம் முதலில் பலகையைப் பார்த்தார். வருடத்துக்கு ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேலே சேறு, அவர் கடைசியாக அளந்த 2011இலிருந்து பதினான்கு வருடத்துக்குப் பதினெட்டு அங்குலம், இருபத்தேழரையில் ஒன்றரை போனால் இருபத்தாறு. கணக்கு நேராக வந்து நின்றது. பிறகு படத்தைப் பெரிதாக்கி அந்தக் கையைப் பார்த்தார். அவள் சைக்கிள் ஓடுவதை அவர் பார்த்ததில்லை. யார் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிப் பழக்கியிருப்பார்கள் என்று யோசித்தார். அழுதார். அறையில் கூட இருப்பவர் வேலைக்குப் போயிருந்தார், அதனால் தாராளமாகவே அழுதார்.

கோபாலகிருஷ்ணன் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். 1954இல் முப்பத்துநான்கு, 2025இல் இருபத்தாறு, இடையில் 2011இல் அளந்ததாக இவர் சொன்ன இருபத்தேழரை. மூன்று புள்ளிகளையும் ஒரு கோட்டில் வைத்து வரைபடம் போட்டார். கோடு நேராகப் போனது. இந்த எண்ணை அந்தக் குளத்தில் கயிறு இறக்கிய ஒருவரைத் தவிர வேறு எவரும் சொல்லியிருக்க முடியாது என்று முடித்தார். தாட்சாயினி அதை வாசித்துவிட்டு, "இட்ஸ் ரியலி குட் அங்கிள்" என்றாள். மகள் தனியாகப் போய் எடுத்த படம் என்றும், எந்த நாளில் எடுத்தாள் என்றும் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தாள். ஆதாரம் என்றால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும் அல்லவா.

பிறகு ஏழு மாதம் கிணற்றில் போட்ட கல். அந்த ஏழு மாதமும் ஜெயரட்ணம் நன்றாக இருந்தார். ஹரிஸ் பார்க் கடை ஒன்றில் தாரிணிக்கு ஒரு சுடிதார் வாங்கி, அனுப்பாமல் வைத்திருந்தார். நேரில் கொடுக்கலாமே என்று ஒரு எண்ணம். அளவு தெரியாததால் பெரிதாகவே வாங்கியிருந்தார். யோகராணியிடம் மட்டும் அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அவளும் அதிகம் கேட்பதில்லை. போன பொங்கலுக்கு முன் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, புருசன் எங்கே, எப்போது வருவார் என்று விசாரித்துவிட்டுப் போனதை அவள் ஒரே வசனத்தில் சொன்னாள். "நீங்கள் இஞ்ச வரக் கூடாது, விளங்கினதோ" என்பது அடுத்த வசனம்.

பதில் ஒரு வியாழக்கிழமை வந்தது. தாட்சாயினி அவரை வரச் சொன்னாள். தொலைபேசியில் சொல்லாமல் வரச் சொன்னபோதே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். சட்டை மாற்றிக்கொண்டு போனார்.

அவள் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "அங்கிள், அவை உங்களை பிலீவ் பண்ணியிருக்கினம்."

அவர் கைகூப்பினார்.

"இல்லை அங்கிள். வெயிட். அதுதான் ப்ரொப்ளம்."

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள், சொல் கிடைக்காத இடங்களில் நின்று நின்று. விண்ணப்பதாரர் அந்தக் குளத்தில் பணியாற்றினார் என்பதைப் புதிய ஆதாரங்களின்படி இப்போது ஏற்கிறோம். அதே ஆதாரங்கள், குளம் திருத்தப்பட்டு அரசுத் திணைக்களம் அங்கே வழமைபோல இயங்குவதையும் காட்டுகின்றன. அவருடைய மகள் தனியாக அந்த இடத்துக்குச் சென்று எந்தத் தடையுமின்றிப் படம் எடுத்திருப்பது, குடும்பம் அங்கே பாதுகாப்பாக நடமாட முடிகிறது என்பதைக் காட்டுகிறது. அவருக்கு இருக்கும் தொழில் அனுபவம் அங்கே பயன்படக்கூடியது. ஆகவே இந்த மனு அமைச்சரின் பார்வைக்கு அனுப்பப்பட மாட்டாது. நாட்டிலிருந்து புறப்படும் ஏற்பாடுகள் குறித்து ஐந்து வாரங்களுக்குள் தொடர்புகொள்ள வேண்டும்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதைத்தான்.

"அந்தப் பதினொரு நாள்?" என்று கேட்டார்.

தாட்சாயினி தாளைத் திருப்பிப் பார்த்தாள். "அதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை அங்கிள்."

"வேலை செய்தது உண்மையெண்டால் அதுவும் உண்மைதானே பிள்ளை."

அவள் தாளை மடித்து வைத்தாள். கண் கலங்கியிருந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். அந்தக் குறிப்பை நான்தான் எழுதிச் சேர்த்தேன் என்று அவள் சொல்லத் தொடங்க, அவர் எழுந்துகொண்டார். "நீங்கள் என்ன செய்வியள் பிள்ளை. நல்லாத்தான் எழுதினனீங்கள். போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனார். போகாமல் அறையில் இருந்து என்ன செய்வது. ஏரியின் ஒரு கிளையில், பழைய வரைபடம் தொண்ணூற்றாறு மீற்றர் என்று காட்டிய இடத்தில் படகு நின்றது. அவர் குண்டை இறக்கினார். கயிறு மடங்காத இரண்டு விரல்களுக்கு மேலாக வழுக்கிக்கொண்டு போயிற்று. தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு. குண்டு எதையோ மெதுவாகத் தொட்டது. அது சேற்றின் மேல்தோல். ஒரு தரம் தூக்கி விட்டார். இப்போது அடி.

"தொண்ணூற்று மூண்டு சேர்."

"மூணு மீட்டர் சேறா?" கோபாலகிருஷ்ணன் சோனாரைப் பார்த்தார். அது இன்னும் தடுமாறிக்கொண்டிருந்தது. "சரி, நீங்க சொல்றதையே போடுறேன்." கணினியில் தொண்ணூற்றாறை அழித்துத் தொண்ணூற்று மூன்று என்று அடித்தார். எவ்வளவு நேரம் எடுத்தது? ஒரு மூச்சு விடும் நேரம். எவரும் ஆதாரம் கேட்கவில்லை, நேர்காணல் இல்லை, மீளாய்வு இல்லை. ஏரி ஒரு வார்த்தையும் பேசாமல் தன் கணக்கை மாற்றிக்கொண்டது. இந்த நாட்டில் தண்ணீரைப் பற்றி அவர் சொன்னால் நம்புகிறார்கள்.

கோபாலகிருஷ்ணனுக்கு விசயம் காலையிலேயே தெரியும். "வேற ஏதாவது வழி இருக்கும் அண்ணே, நான் விசாரிக்கிறேன்" என்றார். குரலில் நம்பிக்கை இல்லை. ஜெயரட்ணம் குண்டின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுண்டுவிரலால் வழித்து எடுத்துப் பார்த்தார். கறுப்பாக, மாவு போல இருந்தது. ஐந்தாறு வருடத்துக்கு முன் எரிந்த காட்டின் சாம்பல். அதைக் கழுவாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி வந்தது. ஊரில் காலை. அவர் பென்டில் ஹில் ஸ்டேசனுக்கு வெளியே ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டது யோகராணி என்று நினைத்து எடுத்தார். தாரிணி.

"அம்மா குசினிக்குள்ள நிக்கிறா. அப்பா, அவையிட்ட இருந்து பதில் வந்ததோ?"

எடுத்தவுடன் இதைத்தான் கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாளாக இதற்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தார்.

"ஓம் பிள்ளை. வந்தது."

"நான் எடுத்த படம் உதவினதோ?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். "ஓம். அந்தப் படத்தாலதான் அவை என்னை நம்பினவை."

அவள் அந்தப் பக்கத்தில் அம்மாவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஒரு பாத்திரம் விழும் சத்தமும் கேட்டது. மறுபடி வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "அப்ப எங்களுக்கு விசா வரும்தானே. எப்ப அப்பா?"

இந்தக் கேள்விக்கான உண்மைப் பதில் அவருக்குத் தெரியும். அதைச் சொன்னால், பதினான்கு கிலோமீற்றர் வெயிலில் மிதித்துப் போய் எடுத்த அந்தப் படம் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவளுக்குப் பதினேழு வயது. அவளுடைய மேசையில் அந்தக் கட்டுப் பதரைக் கொண்டுபோய்ப் போட அவரால் முடியவில்லை.

"ஆறு மாசம்" என்றார்.

"நிச்சயமாவோ?"

"நிச்சயம்."

பள்ளிக்கூடச் சோதினை முடிந்துவிடும், சரியாக இருக்கும் என்று அவள் மாதங்களை எண்ணத் தொடங்கினாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடம் கயிறு பிடித்த மனிதர், அந்தச் சிறுபோகக் கூட்டத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பலகைக் கணக்குச் சொல்லியிருந்தார். அவள் அதை அப்படியே நம்பினாள்.